கொல்லைக் கொட்டகையும் தவக்குலும்



எல்லாப் புகழும் ஏக வல்லவனாகிய அல்லாஹுத் தஆலாவுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அடியேன் ஆலிமல்லன். ஊர் மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்து, ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, அதன் பிறகு கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கற்றவன். சங்கத்துச் செயலாளர் அவர்கள், இம்மாத இதழுக்கு நீரும் நாலு வார்த்தை எழுதும் என்று சொன்னபோது மிகவும் தயங்கினேன். பிறகு ஒன்று நினைத்தேன். ஒரு கடைக்காரன் தன் லாபக் கணக்கைப் பிறருக்குக் காட்டினால் அது பெருமை. நஷ்டக் கணக்கைக் காட்டினாலோ, பார்ப்பவர்கள் அந்தச் சரக்கில் முதல் போடாமல் தப்பித்துக்கொள்வார்கள். ஆகவே என் நஷ்டக் கணக்கு ஒன்றை உங்கள் முன் விரித்து வைக்கிறேன்.

புரட்டாசி பிறந்தால் நமக்கு இங்கே ஒன்றும் தெரிவதில்லை. கடைத்தெருவில் அன்றாடம் பெய்யும் மழைதான். நம்மிடம் கொள்முதல் செய்ய வருகிற சீனர், மலாய்க்காரர் எவருக்கும் அந்த மாதப் பெயரே தெரியாது. ஆனால் நாம் எந்த மண்ணிலிருந்து சபர் வந்தோமோ, அந்த நாகூர், நாகப்பட்டினம், தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தெற்கே கீழக்கரை வரையிலான கடற்கரையில், புரட்டாசி என்றால் பெண்டு பிள்ளைகள் கூரையை அண்ணாந்து பார்க்கும் மாதம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வங்கக் கடலில் எந்த நேரமும் புயல் எழும்பலாம். 1952 நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினத்தில் அடித்த புயலை நம் பாட்டன்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டதையும், பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டி அதிலிருந்தவர்களோடு அலைக்குள் போனதையும் அறியாதவர் இல்லை. 1977 நவம்பர் 12-இல் மறுபடியும் நாகைக் கரை அடிபட்டது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜாப் புயல் வந்தது. என் கணக்கு அந்த இரவைப் பற்றியதுதான்.

எங்கள் வீடு அந்தக் கடலோரத்து ஊர்களில் ஒன்றில் இருக்கிறது. பாட்டனார் ரஜூலாக் கப்பலில் பினாங்கு வந்து சம்பாதித்துக் கட்டிய வீடு. முன்பக்கம் மச்சு வீடு. கொல்லைப்புறத்தில், கிணற்றடியை ஒட்டி, இருபது அடிக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. விறகடுப்பு அங்கேதான். கந்தூரி, கல்யாணம், நோன்புக் கஞ்சி எதுவானாலும் தேக்சா ஏறுவது அங்கேதான். அதன் ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்து, என் வாப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரி ஒருவர் குடியிருந்தார். நாங்கள் குப்பி என்று கூப்பிடுவோம். இளம் வயதில் விதவையானவர். மச்சு வீட்டில் வந்து இருங்கள் என்று உம்மா எத்தனை முறை சொன்னாலும், எனக்கு இதுதான் காற்றோட்டம் என்பார். அதிகாலையில் இடியாப்பம் அவித்து நாலைந்து வீடுகளுக்குக் கொடுப்பார். இரண்டு ஆடு வளர்த்தார். யாரிடமும் கை நீட்டாதவர்.

2018 புரட்டாசியில் உம்மா தொலைபேசியில் சொன்னார்கள்: "தம்பி, கொல்லைக் கொட்டகைக் கீற்று மாத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. இத்துப் போச்சு. நடுக்காலைக் கரையான் அரிச்சிருக்கு. கொட்டகை போடுற பெரியவர் வந்து பார்த்துட்டு, காலும் மாத்தி, கீற்றும் போட்டு, கயிறெல்லாம் புதுசாக் கட்ட 18,000 ரூபாய் ஆகும்னு சொல்றார். மழைக்கு முந்தி செஞ்சிட்டா நல்லது."

பதினெட்டாயிரம் ரூபாய் என்றால் அன்றைக்கு ஏறக்குறைய 1,000 வெள்ளி. எனக்குச் சிரமமான தொகையல்ல. அதே மாதத்தில்தான் வீட்டு வாசலுக்கு இரும்புக் கதவு போட 65,000 ரூபாய் அனுப்பியிருந்தேன். கதவில் என் பெயரைப் பித்தளை எழுத்தில் பதிக்கவும் சொல்லியிருந்தேன். அப்படிப்பட்ட நான் உம்மாவுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அல்லாஹ் பாதுகாப்பான் உம்மா. தவக்குல் வையுங்க. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

சகோதரர்களே! என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை உண்மையான வார்த்தைதான். பாதுகாப்பவன் அல்லாஹ்தான். ஆனால் அதை நான் சொன்னது நம்பிக்கையால் அல்ல, கஞ்சத்தனத்தால். வாசல் கதவுக்கு நான் தவக்குல் வைக்கவில்லை. அங்கே இரும்பு வைத்தேன். கொல்லைக் கொட்டகைக்கு மட்டும் தவக்குல் வைத்தேன். வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்துக்குப் பணம். கண்ணில் படாத இடத்துக்கு துஆ. இதுதான் நான் நடத்திய வியாபாரம்.

ஐப்பசிக் கடைசி. ரபீயுல் அவ்வல் மாதம். வியாழன் மாலையே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எச்சரிக்கை சொல்லிவிட்டார்கள். உம்மா, குப்பியை அழைத்து வந்து மச்சு வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஆடுகள் மட்டும் கொட்டகைக் காலில் கட்டியபடி இருந்தன. நடுநிசிக்குப் பிறகு காற்று அடித்த அடியில் ஊரின் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பிறகு காற்றுச் சற்று ஓய்ந்தது. புயல் போய்விட்டது என்று எண்ணினார் குப்பி. ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. யாரும் தடுப்பதற்குள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்த் திசையிலிருந்து காற்றுப் புறப்பட்டது. கரையான் அரித்த அந்த நடுக்கால் முறிந்து, உத்திரத்தோடு அவர் இடுப்பின் மேல் விழுந்தது.

உயிர் தப்பியது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அன்றிலிருந்து அவர் நடை போயிற்று. கைத்தடி பிடித்துக் கிணற்றடி வரை வருவார், அவ்வளவுதான். இடியாப்பத் தொழிலும் நின்றது. எவரிடமும் கை நீட்டாதவரை, என்னிடம் கை நீட்ட வைத்தேன்.

மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. நான்கு நாள் வரை ஊர்ச் செய்தி எனக்குத் தெரியாது. நான் இங்கே வழக்கம்போல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் உம்மாவின் குரல் கேட்டது. டிசம்பரில் ஊர் போனேன். குப்பியின் கட்டிலருகே உட்கார்ந்தேன். என்னால் தலை நிமிர முடியவில்லை. அவர் என் தலையைத் தடவி, "விடு தம்பி, அல்லாஹ்வுடைய நாட்டம். உனக்கென்ன தெரியும்?" என்றார். எனக்கு மனசு இலேசானது. வெளியே வந்து உம்மாவிடம், "குப்பியே சொல்லிட்டாங்க, அல்லாஹ்வுடைய நாட்டம்னு" என்றேன். உம்மா அதிகம் பேசாதவர்கள். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்கள்: "அவ சொன்னா அது சபூர். நீ சொன்னா அது சாக்கு."

இந்த ஒரு வார்த்தையை அன்று முதல் நான் எந்த பயானிலும் கேட்ட எதையும் விட அதிகமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கத்ரை நம்புவது நம் ஈமானின் ஒரு பகுதி. அதில் ஐயமில்லை. ஆனால் அது அடிபட்டவனின் புண்ணுக்கு மருந்து. அலட்சியம் செய்தவன் தன் குற்றத்தைப் போர்த்தி மூடுகிற துப்பட்டி அல்ல.

ஒட்டகமும் கயிறும்

நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து, என் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா, அவிழ்த்துவிட்டு நம்பட்டுமா என்று கேட்டார். கட்டிவிட்டு நம்பு என்ற பொருள்பட அன்னார் விடை தந்தார்கள். திர்மிதியில் வரும் இந்தச் செய்தி நம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் இதில் வரிசை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முதலில் கயிறு, பிறகு நம்பிக்கை. நான் கயிற்றை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். கயிற்றுக்குக் காசு ஆகும். நம்பிக்கைக்குக் காசு ஆகாது என்று எண்ணிவிட்டேன்.

நூஹ் நபி (அலை) அவர்களைக் காப்பாற்றியவன் அல்லாஹ். எனினும் பலகையை அறுத்து, ஆணியடித்துக் கப்பலைக் கட்டும்படி அவர்களுக்கே கட்டளை வந்தது. தண்ணீரில்லாத தரையில் கப்பல் கட்டுகிறாரே என்று ஊரார் கேலி செய்தார்கள். யூஸுப் நபி (அலை) அவர்கள் பஞ்சம் வருமுன் ஏழு ஆண்டுத் தானியத்தைக் கதிரோடு சேமிக்க வழி சொன்னார்கள். மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் கிடந்தபோது, கனி தந்தவன் அல்லாஹ். ஆனால் மரத்தைப் பிடித்து உலுக்கு என்று அந்தப் பலவீனமான நிலையிலும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு பெண் உலுக்கினால் பேரீச்ச மரம் அசையுமா? அசையாது. இருந்தாலும் கை வைக்கச் சொன்னான். கை வைப்பது நம் பங்கு. கனி விழுவது அவன் பங்கு.

மேகத்தைக் கண்டால் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறும். உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள். மழை பெய்த பிறகே அமைதியடைவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆது கூட்டத்தார் மேகத்தைப் பார்த்து, நமக்கு மழை வருகிறது என்று மகிழ்ந்தார்கள். வந்ததோ அழிவுக் காற்று. அதை நினைத்தே அந்தக் கலக்கம். அல்லாஹ்வின் தூதருக்கே மேகத்தைக் கண்டால் நெஞ்சு பதறுமானால், புயல் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டே மெத்தையில் புரண்டு படுக்க எனக்கு என்ன தைரியம்! காற்றைத் திட்டாதீர்கள் என்றும் அன்னார் தடுத்திருக்கிறார்கள். அது ஏவப்பட்டு வருவது. திட்ட வேண்டியது காற்றையல்ல, நம் சோம்பலை.

நாம் தொழில் செய்யும் இந்த நாடுகளுக்குப் புயல் வராது என்பார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றிவிடும் வேகம் மிகக் குறைவு; அதனால் இங்கே புயல் உருவாவது அபூர்வம். எனினும் 2001 டிசம்பர் 27-ஆம் தேதி, பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே, சிங்கப்பூருக்கு அருகில், வாமேய் என்ற புயல் உருவாகி ஜொகூரில் கரையேறியது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் அடித்த காற்றையும் வெள்ளத்தையும் நம்மில் பலர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்தோம். வராது என்று சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை.

கொட்டகை நிற்க வேண்டுமானால்

ஊர் போயிருந்தபோது அதே பெரியவரை அழைத்துக் கொட்டகையைப் புதிதாகப் போட்டேன். கூலிக்கு ஆள் விட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரவில்லை, கூடவே நின்றேன். அவர் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். ஊரில் வீடுள்ளவர்களுக்குப் பயன்படும்.

"பாய், காத்து மேலேர்ந்து அழுத்திக் கூரையைச் சாய்க்குதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது அடியில பூந்து தூக்கிக்கிட்டுப் போவுது. கொட்டகைக்கு வெயிட்டு முக்கியமில்லே, கட்டுத்தான் முக்கியம்" என்றார் அவர். எவ்வளவு பெரிய விஷயம்!

முதலில் கால். சவுக்குக் கால் மண்ணுக்கு மேலே நன்றாகத்தான் தெரியும். மண்ணும் காலும் சந்திக்கிற இடத்தில்தான் இற்றுப்போகும். அங்கே மண்ணைப் பறித்துக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். புதுக் காலை நடும்போது அடிப்பாகத்தை நெருப்பில் வாட்டிக் கருக்கி, தார் பூசி, மூன்றடி ஆழமாவது இறக்கி, செங்கல் துண்டு போட்டு இடித்துக் கெட்டிக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்குக் கம்பு சாய்வாகக் கட்டினால்தான் கொட்டகை ஒரு பக்கமாக மடியாது.

அடுத்தது கட்டு. காலோடு உத்திரம், உத்திரத்தோடு வாரை, வாரையோடு வரிச்சு, வரிச்சோடு கீற்று. இந்த நான்கு கட்டில் எது தளர்ந்தாலும் அங்கேதான் காற்று விரலை விடும். வெறும் ஆணியை நம்பக் கூடாது. ஆட்டத்தில் ஆணி உருவிக்கொள்ளும், கயிறு நெளிந்து கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். பழைய கயிற்றைக் கையால் முறுக்கிப் பார்த்தால் தூளாக உதிரும். அதை இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று விடுகிறோமே, அதுதான் ஆபத்து.

பிறகு கீற்று. தென்னங்கீற்று ஒன்றிரண்டு வருஷம். பனையோலை அதற்கு மேலும் தாங்கும். இறவாரத்திலிருந்து தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி அடுக்கிக்கொண்டே போய், முகட்டை இரட்டையாக மூட வேண்டும். இறவாரத்தை நிழலுக்காக வெகுதூரம் நீட்டினால் காற்று அதைக் கைப்பிடியாகப் பிடித்துத் தூக்கும். எல்லாம் முடிந்த பின், பழைய மீன் வலை கிடைத்தால் கூரை மேல் விரித்து, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, இரு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்ட வேண்டும்.

இரு பக்கமும் என்று ஏன் சொல்கிறேன்? வங்கக் கடலிலிருந்து மேற்கே வருகிற புயல் நேராக நம் ஊர் மேல் கடந்தால், முதலில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். பிறகு புயலின் கண் வரும். எல்லாம் ஓய்ந்தது போலிருக்கும். அதன் பின் தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கட்டியவன் பாதி இரவு வரைதான் தப்புவான். ஓய்வைக் கண்டு வெளியே போகிறவன் கதி என்ன என்பதற்கு எங்கள் குப்பியே சாட்சி. அறிவிப்பு வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பதை உங்கள் வீட்டார் ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

கொட்டகை மேல் சாய்ந்து நிற்கும் தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் மழைக்கு முன்பே இறக்கிவிட வேண்டும். கொல்லையில் கிடக்கும் தகரத் துண்டு, பலகை எதுவும் வெளியே கிடக்கலாகாது. புயலில் அது பறக்கும் அரிவாள். அடுப்பு நெருப்பைத் தண்ணீர் விட்டு அணைக்க வேண்டும். தூங்கப் போகுமுன் விளக்கையும் நெருப்பையும் அணைக்கச் சொன்னார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஆடு மாடுகளைப் பொழுது சாயுமுன்பே கெட்டிக் கட்டடத்துப் பக்கம் கொண்டுபோய்விட வேண்டும். அன்று எங்கள் வீட்டில் இந்த ஒரு வேலை செய்திருந்தாலும் குப்பி வெளியே போயிருக்க மாட்டார்.

கடைசியாக முக்கியமானது. இவ்வளவும் செய்த பிறகும், பெரும்புயல் என்று அறிவிப்பு வந்தால் கீற்றுக் கொட்டகையில் ஓர் உயிரும் இருக்கக் கூடாது. "நான் கட்டுற கொட்டகை மழைக்குத் தாங்கும், சின்னக் காத்துக்குத் தாங்கும். பெரிசு வந்தா நீங்க உள்ள இருக்காதீங்க பாய்" என்று கூலி வாங்கும்போதே சொல்லிவிட்டார் அந்தப் பெரியவர். இதுவல்லவோ நாணயம்! தன் சரக்கின் குறையைத் தானே சொல்லி விற்கிற வியாபாரி நம்மில் எத்தனை பேர்? மச்சு வீடோ, பள்ளிக்கூடமோ, புயல் பாதுகாப்பு மையமோ, அங்கே போய்விட வேண்டும். பள்ளிவாசலுக்குப் போக முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். கடுங்குளிரும் மழையும் காற்றுமான இரவுகளில், உங்கள் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கு சொல்பவரைக் கொண்டு அறிவிக்கச் செய்தார்கள் அல்லாஹ்வின் தூதர். மார்க்கம் நம்மைப் புயலுக்குள் தள்ளவில்லை.

கூரை ஒழுகிய பள்ளிவாசல்

கீற்றுக் கூரை என்றால் நமக்கு இளக்காரம். மச்சு வீடு கட்டியதும் கொட்டகையை மறந்தோம். இந்த நாட்டிலும் அத்தாப்புக் கூரையின் கீழ் பிழைப்பைத் தொடங்கிய நம் முன்னோர்களை மறந்தோம். மதீனாவில் நம் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிவாசலுக்குத் தூண் பேரீச்ச மரம். கூரை பேரீச்ச மட்டை. ஒரு ரமலான் இரவில் மழை பெய்து அந்தக் கூரை ஒழுகியது. விடியற்காலைத் தொழுகை முடிந்து திரும்பியபோது அன்னாரின் திருநெற்றியில் ஈரமும் சேறும் இருந்ததைக் கண்டதாக அபூ ஸயீத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த இரவு லைலத்துல் கத்ர் என்று நம்பப்பட்டது. ஒழுகும் ஓலைக் கூரையின் கீழ், சேற்றில் வைத்த ஸுஜூதுக்கு அல்லாஹ்விடம் எவ்வளவு மதிப்பு! ஆகவே ஓலைக்குக் கீழே இருக்கிறவர்களை ஒருபோதும் தாழ்வாக எண்ணாதீர்கள்.

இன்னொரு செய்தி. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் குடிசை பழுதாகிவிட்டதால் அதைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் அறிவிப்பில், தம் அன்னையாரோடு சேர்ந்து சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்ததாக வருகிறது. அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள், இதென்ன என்று கேட்டார்கள். பழுதாகிவிட்டது, செப்பனிடுகிறோம் என்றார்கள். காரியம் இதை விட விரைவாக வந்துவிடும் என்று எண்ணுகிறேன் என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டுப் போனார்கள். காரியம் என்பது மௌத்து.

முன்பு இதை ஓதியபோது, வீட்டைச் செப்பனிடாதே என்று சொன்னதாகப் புரிந்துகொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அன்னார் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. கை கூரையில் இருக்கட்டும், கருத்து கபுரில் இருக்கட்டும் என்றே உணர்த்தினார்கள். மௌத்து விரைவாக வரும் என்றால் கூரை வேலையைத் தள்ளிப்போட வேண்டும் என்பதல்ல. கடமையைத் தள்ளிப்போட நேரமில்லை என்பதுதான். அந்த ஸஹாபி தம் தாயின் பக்கத்தில் நின்று மண் பூசினார். நான் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்துகொண்டு என் தாய்க்கு அடுத்த வருஷம் என்று தவணை சொன்னேன். அடுத்த வருஷம் என் கையிலா இருந்தது?

கடன் கொடுத்தவனிடம் அடுத்த மாதம் என்று சொல்லலாம், அவன் பொறுப்பான். கரையான் பொறுக்காது. காற்றுப் பொறுக்காது. மலக்குல் மவுத்தும் பொறுக்கமாட்டார்.

நாம் செய்யத்தக்கது

வியாபாரச் சகோதரர்களே! புயல் அடித்த பின் நம் கை தாராளமாக நீளும். 2018-இலும் அரிசி, துணி, போர்வை என்று அள்ளிக் கொடுத்தோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் புயலுக்கு முன் யாராவது ஒரு கட்டுக் கயிறு வாங்கிக் கொடுத்தோமா? விழுந்த வீட்டுக்குக் கொடுத்தால் ரசீதும் உண்டு, புகைப்படமும் உண்டு. விழாமல் நிற்கும் வீட்டைப் படம் பிடிப்பவர் யார்? ஆயினும் நின்ற வீட்டின் நன்மையை எழுத மலக்குகள் இருக்கிறார்கள்.

ஆகையால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊரில் வீடுள்ள ஒவ்வொருவரும், வாசலைப் பற்றி விசாரிக்குமுன் கொல்லையைப் பற்றி விசாரியுங்கள். உங்கள் கொட்டகையில், உங்கள் தோட்டத்தில், உங்கள் நிழலை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் கூரை அமானிதம். இனி வரும் ஆண்டுகளில் ஆடி, ஆவணியிலேயே ஒரு கூரைக்கான தொகையை ஒதுக்கி அனுப்புங்கள். இந்த ஆண்டு அனுப்பாதவர்கள் இன்றே அனுப்புங்கள். அது உங்கள் உறவினர் கூரையாகவும் இருக்கலாம். அடுத்த தெருவில் இருக்கும் மீனவர், விவசாயக் கூலியாள் கூரையாகவும் இருக்கலாம். அவர் எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டாம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நம் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியபோது, அண்டை வீட்டாரின் மார்க்கத்தை விசாரிக்கச் சொல்லவில்லை.

நான் இப்போது ஒவ்வொரு ஆண்டும் ஆவணியில் உம்மாவிடம் கேட்பது மூன்று கேள்வி: கால் எப்படி, கயிறு எப்படி, குப்பி எப்படி? முதல் இரண்டுக்கும் பணம் அனுப்பிவிடலாம். மூன்றாவதுக்கு அனுப்பும் பணம் கடனில் வட்டியைக்கூடக் குறைக்காது என்பது எனக்குத் தெரியும். குப்பி மன்னித்துவிட்டார். ஆனால் அந்தக் கணக்கை நான் மூடவில்லை. மூடக் கூடாது என்றே ஐந்தொகையின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: கொட்டகை, 18,000 ரூபாய், கொடுக்கப்படவில்லை. வாசல் கதவில் இருந்த பித்தளை எழுத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டேன்.

யா அல்லாஹ்! வருகிற காற்றின் நலவை எங்களுக்குத் தருவாயாக. அதன் தீங்கை விட்டு எங்களையும், எங்கள் ஊராரையும், கடல்மேல் இருக்கும் மீனவர்களையும் காப்பாயாக. எங்கள் கைகளுக்குக் கயிற்றைக் கட்டும் சுறுசுறுப்பையும், கட்டிய பின் உன்னை மட்டுமே நம்பும் இதயத்தையும் தருவாயாக. உன் பெயரைச் சாக்காகச் சொல்லும் நாவை விட்டு எங்களைக் காப்பாயாக. எங்கள் நிழலை நம்பி இருப்பவர்களை, எங்கள் அலட்சியத்தால் அடிபடாமல் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.